கொலுசுப் பட்டறையில் ஒரு சாப்பர்: கழுத்தை வெட்டலாமா, விளக்கை எப்படி அமைக்கலாம்?

பனங்காட்டு வெள்ளி எழுதியது:

வணக்கம். சேலம் பனங்காட்டில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை எங்களுடையது. பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது, கண்ணி கோப்பது, அரம் பிடிப்பது, மெருகு ஏற்றுவது எல்லாம் சிறு வயதிலிருந்து என் கையில் இருக்கும் வேலை. இப்போது அந்தக் கையை வேறொரு பொருளில் பழக்க நினைக்கிறேன்.

என் பெயரில் ஒரு பழைய புல்லட் 350 இருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சின், வலப்பக்கம் கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். எஞ்சின் திடமாக இருப்பதால் அதில் கை வைக்கப் போவதில்லை. மற்ற பகுதிகளை மாற்றி ஒரு சாப்பர், அதாவது வேண்டாததைக் கழற்றி முன்பக்கம் தூக்கலாக நிற்கும்படி மாற்றிய வண்டி, செய்ய வேண்டும். பெட்டியில் வந்து இறங்கும் பாகங்களை வாங்கி மாட்டிய வண்டிகளைச் சேலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே ஹேண்டில், அதே மண்டையோடு, அதே நீல எல்இடி பட்டை. எனக்கு அது வேண்டாம். டேங்க் மூடி, ஹெட்லைட் வளையம், பின்விளக்கின் சட்டம், சீட்டுக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் சாய்வுக் கம்பி, கியர் லீவரின் முனை என்று கண்ணில் படுவது ஒவ்வொன்றும் கையால் அறுத்து, தட்டி, அரம் போட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். எஃகும் பித்தளையும்தான் பெரும்பகுதி. வெள்ளி அங்கங்கே ஒரு கோடு, ஒரு பொட்டு, அவ்வளவே.

விளக்கில்தான் என் மனம் முழுவதும் இருக்கிறது. கொலுசுப் பட்டியில் நாங்கள் வெட்டும் மாங்காய், கொடி, அரும்பு ஆகியவற்றைப் பித்தளைத் தகட்டில் பெரிதாக வரைந்து, கம்பி வாளால் அறுத்து எடுத்து, உள்ளே விளக்கு வைத்தால் அந்த வடிவம் அப்படியே தரையில் விழும். ஏற்காட்டில் பனி இறங்கும் மாலையில் வண்டியை நிறுத்தினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒளிக்கற்றை தனித்தனியாகத் தெரியும். உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி செய்து, அறை விளக்கை அணைத்துவிட்டுச் சாம்பிராணிப் புகையில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் இருந்த எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

இனி என் சந்தேகங்கள். ஃபிரேமின் கழுத்தை (ஹேண்டில் திரும்பும் முன்குழாயை) வெட்டிச் சாய்த்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டினால்தான் சாப்பர் என்கிறார் எங்கள் தெருவில் கேட் செய்யும் வெல்டர். தன்னிடம் உள்ள குழாயே போதும் என்றும் சொல்கிறார். அது சரியா? துளையிட்ட பித்தளைக் கூடு புல்லட்டின் அதிர்வைத் தாங்குமா? முலாம் போடும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் போல்ட்டுகளுக்கெல்லாம் வெள்ளி முலாம் போடலாமா? வயர் இணைப்புகளை எனக்குப் பழகிய ஈயப் பற்றிலேயே முடித்துவிடலாமா? வண்டி மேடையில் நிற்பதற்கு மட்டும் அல்ல, ஏற்காட்டுக்கு ஏறி இறங்க வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சூரமங்கலம் ஃபிட்டர் எழுதியது:

அம்மா, முதலில் கழுத்து. மற்றவற்றில் கொஞ்சம் முன்பின் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கழுத்தில் அது முடியாது.

கேட் குழாயை ஃபிரேமில் வைக்கவே வேண்டாம். அது தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் மூட்டுப் போட்ட மெல்லிய குழாய். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் ஃபோர்க் ஒரு நெம்புகோலாக நின்று கழுத்தைப் பிளக்கப் பார்க்கும். அதற்குத் தையல் இல்லாமல் இழுத்த, சுவர் தடித்த எஃகுக் குழாய் வேண்டும். வெட்டிய இடத்தில் உள்ளே இறுக்கமாக ஒரு துண்டைச் செருகி, வெளிக்குழாயில் துளை போட்டு அதையும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புல்லட்டில் இன்னொரு விஷயம் உண்டு. அந்த ஃபிரேமுக்கு அடிக்குழாய் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினில் வந்து முடிகிறது. எஞ்சினும் ஃபிரேமின் ஓர் உறுப்பாக நின்று சுமக்கிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கழுத்தை வெட்டினால் எந்த முனை எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. அளவு பிடித்து நிறுத்தும் ஜிக் இல்லாத பட்டறை இந்த வேலையைத் தொடக் கூடாது.

நல்ல பட்டறை, நல்ல குழாய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. கழுத்தின் நடுக்கோட்டைத் தரை வரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். கையை லேசாக வைத்திருந்தாலும் வண்டி நேராக ஓடுவது இதனால்தான். சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., அச்சு கழுத்துக் கோட்டிலிருந்து 60 மி.மீ. முன்னே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து செங்குத்திலிருந்து 28 டிகிரி சாய்ந்திருந்தால் டிரெயில் சுமார் 102 மி.மீ. வரும். அதே சக்கரத்தோடு 40 டிகிரிக்குச் சாய்த்தால் சுமார் 190 மி.மீ. ஆகிவிடும். ஓமலூர் நெடுஞ்சாலையில் அது சுகமாகத்தான் ஓடும். மெதுவாகத் திருப்பும்போதுதான் தொல்லை. முன்சக்கரம் தன் எடையால் ஒரு பக்கம் விழப் பார்க்கும். அந்த விழும் குணம் இந்தக் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நீங்கள் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

டிரெயிலைக் குறைப்பதற்காக ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் சில டிகிரி சாய்வு வைத்துச் செய்வார்கள். கழுத்தைச் சாய்த்த வண்டிக்கே அது உரியது. கழுத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாய்வுத் தட்டை மட்டும் வாங்கி மாட்டினால் டிரெயில் ஒரேயடியாகச் சுருங்கி, வேகத்தில் ஹேண்டில் இரு பக்கமும் உதறத் தொடங்கும். அந்த உதறலை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. பார்க்க அழகாக இருக்கிறது என்று இதை மாட்டிக்கொள்கிற இளைஞர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

முலாம் விஷயத்திலும் கறாராக இருங்கள். அச்சு, ஃபோர்க் போல்ட், பிரேக் கம்பி ஆகிய எதையும் முலாம் தொட்டியில் இறக்காதீர்கள். அமிலத்தில் கழுவும்போதும் மின்சாரம் பாயும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த கடினமான போல்ட்டுகள் பார்வைக்குப் பளபளப்பாக இருந்துகொண்டே, சுமையில் நிற்கும்போது திடீரென்று முறிவதற்கு அதுதான் காரணம். முலாம் முடிந்த உடனே 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூட்டில் வைத்து அதை வெளியேற்றும் முறை தொழிற்சாலைகளில் உண்டு. கொலுசுக்கு முலாம் போடும் இடத்தில் அதற்கு ஏற்பாடு இருக்காது. சுமை தாங்காத மூடி, வளையம், பொட்டு ஆகியவற்றுக்கு வெள்ளி தாராளமாகப் போடுங்கள். ரப்பருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ரப்பரைப் பதப்படுத்துவது கந்தகத்தால். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் கந்தகமே. கிரிப்புக்கும் வெள்ளி வளையத்துக்கும் நடுவே சிலிக்கான் வாஷர் வையுங்கள்.

டேங்கைப் புதிதாக 18 கேஜ் தகட்டில் அடிப்பது நல்லது. மூடி உட்காரும் பித்தளைக் கழுத்தை நீங்களே ஊதிவிடலாம், வெல்டர் தேவையில்லை. 45 சதவீதம் வெள்ளியோடு சிறிது வெள்ளீயமும் உள்ள பற்று 700 டிகிரிக்குள் ஓடிவிடும் என்பதால் தகடு நெளியாது. பற்று ஓட நீங்கள் தடவும் வெங்காரம் அந்தச் சூட்டில் அரைகுறையாகத்தான் உருகும். எஃகுக்குரிய ஃபுளூரைடு கலந்த பசையை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் ஊதுங்கள். காட்மியம் கலந்த பற்று யாராவது மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், அதன் புகை நுரையீரலை அழித்துவிடும். பெட்ரோல் இருந்த பழைய டேங்க் எவ்வளவு காலியாகத் தோன்றினாலும் அதை நெருப்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம்.

பனங்காட்டு வெள்ளி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிகுந்த நன்றி. வெல்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. நீண்ட ஃபோர்க் இல்லாத வண்டியைச் சாப்பர் என்று யார் ஏற்பார்கள்? அந்த நிமிர்ந்த தோற்றத்துக்காகத்தானே இத்தனை வேலையும்?

அம்மாப்பேட்டை இருசக்கரம் எழுதியது:

அக்கா, இவர்கள் பயமுறுத்துவதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். நீண்ட ஃபோர்க் வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன, யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. பைபாஸில் ஓட்டிப் பாருங்கள், வேறு எந்த வண்டியும் பிடிக்காது.

அஸ்தம்பட்டி வக்கீல் எழுதியது:

யாரும் நிறுத்திக் கேட்காத வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரியும், தம்பி. விபத்து நடந்த அன்று கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகியிருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆர்சியில் பதிவாகும் விவரங்களில் ஒன்று. கழுத்தைச் சாய்த்தால் அது மாறிவிடும். கழுத்திலோ அதை ஒட்டியோ சேசிஸ் எண் பொறித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த எண்ணில் அரம் பட்டாலே நீங்கள் திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். காப்பீட்டு நிறுவனமும் இழப்பீடு தர மறுக்க இடம் உண்டு.

சகோதரிக்கு என் யோசனை: மாற்ற நினைப்பதை வரைபடத்தோடு எழுதி, வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டேங்கின் நிறம் மாறினால்கூட ஆர்சியில் ஏற்ற வேண்டும். எல்லாப் பாகங்களையும் போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்து, பழையவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். விளக்குக்கும் விதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108வது விதிப்படி முன்பக்கம் சிவப்பு விளக்கு தெரியக் கூடாது. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. சிக்னல், எண் தகட்டு விளக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

சூரமங்கலம் ஃபிட்டர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் கனமான மட்கார்டு, பெட்டி, கூடு என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி வண்டியை இலேசாக்கினார்கள். முன்ஃபோர்க் அளவுக்கு மீறி நீண்டது 1960களில்தான். சான்பிரான்சிஸ்கோவில் தெருக்கள் செங்குத்தாக ஏறி இறங்கும். அங்கே உள்ளவர்கள் ஃபோர்க்கைக் குட்டையாகவே வைத்துக்கொண்டு, ஒடுக்கமான ஹேண்டில் போட்டு, சிறிய டேங்கை முதுகுக் குழாய்க்கு மேலே உயர்த்திப் பொருத்தினார்கள். எஞ்சின் முழுவதும் வெளியே தெரியும். முன்பக்கம் தூக்கலாக நிற்கும் தோற்றம் கழுத்தை வெட்டாமலே வந்துவிடும். மலை ஏறுகிற ஊர்க்காரர்களுக்கு அந்த வழிதான் பொருத்தம். அதையும் சாப்பர் என்றே உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டைச் சூழ்ந்திருக்கும் வார்ப்புக் கூட்டைக் கழற்ற நினைக்காதீர்கள். அது ஃபோர்க்கின் மேல்தட்டும் கூட. ஃபோர்க் குழாய்களின் மேல்முனை அதில்தான் வந்து இறுகுகிறது. அந்தக் கூட்டின் மேலே இருபுறமும் இரண்டு சிறு பார்க் விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் வளையங்களைப் பித்தளையில் செய்தால் வண்டியின் முகமே மாறிவிடும். ராயல் என்ஃபீல்டின் தனி அடையாளம் அது. சென்னை திருவொற்றியூரில் செய்து கொடுத்ததை ஏன் கழற்றி எறிய வேண்டும்?

சங்ககிரி லாரி வயரிங் எழுதியது:

அக்கா, சாம்பிராணிப் புகைச் சோதனையைப் படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன். லாரிக்கு விளக்கு போடும் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு யோசனையை யாரும் என்னிடம் கொண்டு வந்ததில்லை. அதைக் கெடுக்காமல் செய்ய வழி சொல்கிறேன்.

எல்இடி பட்டையை உள்ளே ஒட்டாதீர்கள். பட்டையில் பல புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் உங்கள் மாங்காயை ஒவ்வொரு இடத்தில் விழவைத்து, கடைசியில் தரையில் வெறும் வெளிச்சம்தான் மிஞ்சும். ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு எல்இடி, அதுவும் ஒளிரும் பரப்பு மிகச் சிறியதாக இருப்பது வேண்டும். தகட்டுக்கு 50 மி.மீ. பின்னால் அது இருக்கட்டும். தகட்டிலிருந்து தரை 400 மி.மீ. தூரம் என்றால் வடிவம் ஒன்பது மடங்கு பெரிதாக விழும். தகட்டில் 10 மி.மீ. அரும்பு, தரையில் 90 மி.மீ. அரும்பாகிவிடும். எல்இடியின் ஒளிரும் பரப்பு 1 மி.மீ. என்றால் விளிம்பு 8 மி.மீ. அளவுக்கு மங்கும், அது கண்ணுக்கு உறுத்தாது. 3 மி.மீ. பரப்பு என்றால் 24 மி.மீ. மங்கிவிடும், உங்கள் கம்பி வாள் வேலை வீண். ஆகவே எத்தனை வாட் என்று பார்க்காமல் எத்தனை சிறிய புள்ளி என்று பார்த்து வாங்குங்கள். முன்னால் லென்ஸ் மாட்டியது வேண்டாம். நிறம் 3,000 கெல்வினுக்கு உள்ளே இருக்கட்டும். அந்த மஞ்சள் கலந்த வெள்ளையில்தான் பித்தளை பொன்னாகத் தெரியும். நீலம் கலந்த வெள்ளையில் பித்தளை செத்துப்போகும்.

எல்இடியின் சூட்டை வாங்கிக்கொள்ள அடியில் ஒரு அலுமினிய வில்லை வையுங்கள். அலுமினியமும் பித்தளையும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துவிடும், நடுவே நைலான் வாஷர் போடுங்கள். கூட்டின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று இருக்கட்டும். ஏற்காட்டுப் பனி உள்ளே படிந்து நீராகி வெளியேற வழி வேண்டும்.

அதிர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பித்தளை தாங்கும், கூர்மையான உள்மூலை தாங்காது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இலை முனையை அறுக்கும் முன்பே அங்கே ஒரு சிறு வட்டத் துளை போட்டுவிட்டு, வாளை அந்தத் துளையில் கொண்டுபோய் முடியுங்கள். தகடு 1.2 மி.மீ. இருக்கட்டும். கூட்டை ஃபிரேமோடு நேராக இறுக்காமல் சிலிக்கான் புஷ் வைத்துத் தொங்கவிடுங்கள்.

அடுத்து நீங்கள் விரும்ப மாட்டீர்கள் என்று தெரிந்தே சொல்வது: வயர் இணைப்பில் ஈயப் பற்று வேண்டாம். உங்கள் கை எவ்வளவு சுத்தமாகப் பற்று வைத்தாலும், ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்துக்கு இப்பக்கம் கம்பி விறைப்பு, அப்பக்கம் நெகிழ்வு. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் அந்த எல்லையிலேயே அறுந்துவிடும். முனைகளை நல்ல கருவியால் நசுக்கிப் பிடித்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். கழுத்தருகே போகும் வயர்கள் ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் பூவேலைத் தகட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். தகட்டில் பாதி துளை என்றால் பாதி வெளிச்சம் போய்விட்டது என்று பொருள். பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்குத் தெளிவான சிவப்பு தெரிய வேண்டும், நான் அந்த ஓட்டுநர்களோடு வாழ்கிறவன். முத்திரையுள்ள நல்ல விளக்கை வாங்கி, அதைச் சுற்றிச் சட்டம் மட்டும் உங்கள் கையால் செய்யுங்கள். சிக்னலை எல்இடிக்கு மாற்றினால் அதைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர் சரியாக வேலை செய்யாது, எல்இடிக்கு ஏற்ற எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கிவிடுங்கள்.

பூவேலை விளக்குகள் வண்டி நிற்கும்போது மட்டும் எரியட்டும். அதற்கு ஐந்து கால் ரிலே (மின்சாரத்தால் மாறும் ஸ்விட்ச்) ஒன்று போதும். 30க்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக இணைப்பு, 87ஏ காலிலிருந்து தனி ஸ்விட்ச் வழியாகப் பூ விளக்குகள், 86க்கு சாவியிலிருந்து வரும் வயர், 85 எர்த். சாவியைப் போட்டவுடன் ரிலே இழுத்துக்கொண்டு 87ஏ துண்டித்துவிடும். மறந்துபோய் எரியவிட்டுக்கொண்டு ஓட்டவே முடியாது. 12 வோல்ட் பேட்டரியில் மொத்தம் 18 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியர். 9 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்தில் பாதிக்கு இறங்கிவிடும், அதற்குமேல் எரியவிட வேண்டாம். வயர் இணைப்புப் படம் தேவையானால் வரைந்து தருகிறேன்.

கடைசியாக, உங்களால் மட்டுமே முடிகிற ஒன்று. பழைய ஹெட்லைட்டின் உள்கிண்ணம் மங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லா உலோகங்களையும்விட அதிகமாகத் திருப்பித் தருவது வெள்ளிதான். அந்தக் காலத்து மோட்டார் கிண்ணங்களுக்கு வெள்ளி முலாம்தான் போட்டிருந்தார்கள். கழற்றக்கூடிய உலோகக் கிண்ணமாக இருந்தால் அதற்கு முலாம் போட்டு, வடிவம் கெடாமல் பஞ்சால் மட்டும் மெருகேற்றி, காற்று புகாத கேஸ்கெட்டோடு மூடுங்கள். கண்ணாடியும் பல்பும் அதேதான், அளவு எதுவும் மாறாது, வெளிச்சம் கூடும்.

நாகலூர் காப்பித் தோட்டம் எழுதியது:

ஏற்காட்டில் குடியிருக்கிறேன், அடிவாரத்துக்கு இறங்கி ஏறுவது என் அன்றாட வேலை. ரிலே யோசனையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். உங்கள் ஒளிக்கற்றையை அழகாகக் காட்டுகிற அதே பனிதான், ஓட்டும்போது அந்த வெளிச்சத்தை உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். பனியில் ஹை பீம் போட்டவர்கள் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பக்கவாட்டில் விளக்கு எரிந்தால் அந்தச் சுவர் நாற்புறமும் வந்துவிடும். லோ பீமைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்து வருவதுதான் இங்கே வழக்கம். இரவில் தோட்டங்களிலிருந்து காட்டுமாடு சாலையில் இறங்கி நிற்பதும் உண்டு.

டிரம் பிரேக்கை நம்பி மலை இறங்காதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி விரிந்து, பாதி மலையில் லீவர் வெறுமனே இறங்கும். வளைவில் பஸ் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது இங்கே விதி, நின்று விட்டுக்கொடுங்கள். மட்கார்டை அலங்காரத்துக்காக மிகவும் குட்டையாக வெட்டிவிடவும் வேண்டாம். மழைக் காலத்தில் பின்சக்கரம் வாரி இறைக்கும் செம்மண் உங்கள் முதுகிலும் பின்னால் வருகிறவர் முகத்திலும் விழும்.

விளக்கைப் போட்டுக் காட்ட ஏரிக்கரை நல்ல இடம். ஆனால் அங்கே தெரு விளக்கு அதிகம். சேர்வராயன் கோயில் பக்கம் மேலே திறந்த வெளி இருக்கிறது, மாலையில் பனி சீக்கிரம் இறங்கும். கரடியூர் பக்கத்திலும் காட்சி முனை உண்டு. கொண்டை ஊசி வளைவில் மட்டும் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

பனங்காட்டு வெள்ளி எழுதியது:

ஐயாவுக்கும், சங்ககிரித் தம்பிக்கும், வக்கீல் அண்ணாவுக்கும், ஏற்காட்டு அண்ணாவுக்கும் என் நன்றி. அம்மாப்பேட்டைத் தம்பி, உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் என் வண்டி மலை ஏற வேண்டும்.

கழுத்தை வெட்டப் போவதில்லை. ஹெட்லைட் கூடும் அப்படியே இருக்கும். டேங்கை மட்டும் சிறியதாக அடித்து மேலே உயர்த்துகிறேன். ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொடுக்க வரைபடம் தொடங்கிவிட்டேன். விளக்குக் கூடுகள் எஞ்சினுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று. எங்கள் வீட்டில் பெரியவர்கள் வெட்டிய பழைய மாங்காய்க் கொடி அச்சை எடுத்து, அதைப் பெரிதாக்கி வரைந்து பார்த்தேன். எட்டு இடங்களில் உள்மூலை கூர்மையாக வருகிறது. தம்பி சொன்னபடி அவை எல்லாவற்றிலும் வட்டத் துளை வைத்தால் கொடியில் காய் பிடித்ததாகத் தோன்றுகிறது, முன்பைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹெட்லைட் கிண்ணம் உலோகம்தான், கழற்றிப் பார்த்துவிட்டேன். சங்ககிரித் தம்பி, வயர் படம் கட்டாயம் வேண்டும்.

டேங்க் மூடியைத் தாமரை மொட்டாகச் செய்து, உள்ளே திருகு வெட்டி, இறுக்கமாக உட்காரும்படி வைக்கலாம் என்று இருக்கிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா, ஐயா?

சூரமங்கலம் ஃபிட்டர் எழுதியது:

மொட்டு நன்றாக இருக்கும் அம்மா. காற்று போக வழி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் கொஞ்சம் இறங்கியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி வண்டி நின்றுவிடும். நேரான துளை வேண்டாம், பள்ளத்தில் குதிக்கும்போது பெட்ரோல் தெறித்து வெளியே வரும். மூடிக்குள் இரண்டு வில்லைகளை இடைவெளி விட்டு வைத்து, மேல் வில்லையில் ஒரு ஓரத்திலும் கீழ் வில்லையில் எதிர் ஓரத்திலும் 1 மி.மீ. துளை போடுங்கள். கேஸ்கெட்டுக்கு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பர் ஊறி உப்பிவிடும். டேங்கை அடித்து முடித்ததும் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றாமல், சோப்பு நீர் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயின்ட்டுக்குக் கொடுங்கள்.